குழாயா, காலா? - தொலைநோக்கிப் படங்களின் கதை

ஆன்லைன் கடைகளில் விற்கும் தொலைநோக்கிப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் மேல் வளையத்தோடு ஒரு சனிக்கிரகம், பக்கத்தில் ஊதாவும் சிவப்புமாய் ஒரு நெபுலா, கீழே கொட்டை எழுத்தில் "525 மடங்கு பெரிதாக்கும்!". உள்ளே இருப்பதோ 60 மில்லிமீட்டர் லென்ஸும், தொட்டால் ஆடும் மூன்று ஒல்லிக் கால்களும்தான். ஒரு தொலைநோக்கி உருப்படியாகப் பெரிதாக்கும் எல்லை, அதன் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. 60 மி.மீ. என்றால் 120. அதற்கு மேலே போனால் மங்கல்தான் பெரிதாகும்!

இந்த மடங்குக் கணக்கின் ஏமாற்று இப்போது பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது அந்த ஒல்லிக் கால்களைப் பற்றி. வானத்தை முதன்முதலில் படம் பிடித்தவர்களின் வரலாற்றைப் படித்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. நல்ல லென்ஸும் நல்ல கண்ணாடியும் அவர்களிடம் சீக்கிரமே இருந்தன. ஐம்பது வருடம் அவர்களைப் படுத்தி எடுத்தது, அந்தக் குழாயைத் தாங்கி நிற்கும் கால்தான்.

காரணம் சுலபம். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. நிலாவின் அகலம் அரை டிகிரி. ஆக, அசையாமல் நிற்கும் தொலைநோக்கியில் நிலா இரண்டே நிமிடத்தில் தன் அகலம் முழுவதும் நகர்ந்துவிடும். நூறு மடங்கு பெரிதாக்கினால் அந்த ஓட்டமும் நூறு மடங்கு பெரிதாகத் தெரியும். கண்ணால் பார்ப்பவருக்கு இது பெரிய தொல்லை இல்லை, குழாயை லேசாகத் தள்ளிக்கொண்டே பார்க்கலாம். ஆனால் கேமரா அப்படி இல்லை. அது வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைப்பது. சேர்க்கிற நேரத்தில் பொருள் நகர்ந்தால் எல்லாம் ஒரே தீற்றல்.

1840ல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற வேதியியல் பேராசிரியர் நிலாவைப் படம் எடுத்தார். டாகுரியோடைப் என்ற முறை வெளியாகி ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத நேரம். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நிலா வெளிச்சம் விழவேண்டிய நேரம் சுமார் 20 நிமிடம். மேலே சொன்ன கணக்குப்படி 20 நிமிடத்தில் நிலா தன் அகலத்தைப்போல் பத்து மடங்கு ஓடியிருக்கும்! பின்தொடராமல் படம் கிடையாது.

பத்து வருடம் கழித்து, 1850 ஜூலையில், ஹார்வர்டில் வில்லியம் கிரான்ச் பாண்ட் என்ற வானியலாளரும் ஜான் ஆடம்ஸ் விப்பிள் என்ற புகைப்படக்காரரும் சேர்ந்து வேகா நட்சத்திரத்தைப் படம் எடுத்தார்கள். சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரம் படத்தில் விழுந்தது அதுவே முதல் தடவை. அவர்களிடம் இருந்தது 15 அங்குல லென்ஸ், அன்றைய உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று. அதைச் சுற்றும் கடிகார இயந்திரம்தான் சொதப்பியது. ஒரே சீராக ஓடாமல் விட்டு விட்டு ஓடியது. கொஞ்ச காலத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள். நல்ல இயந்திரம் வந்தபிறகு, 1857ல்தான் மறுபடி தொடங்கினார்கள்.

இதற்கிடையில் அந்த ஹார்வர்ட் நிலாப் படம் 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கியது. அதைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் வாரன் டி லா ரூ. இவர் வானியலாளர் இல்லை, வியாபாரி. அப்பா தொடங்கிய காகித, அச்சுக் கம்பெனியை நடத்தியவர். அதே பொருட்காட்சியில் இவருடைய கம்பெனி, தானாகவே உறை மடிக்கும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்திருந்தது. (பழைய இந்தியத் தபால்தலைகள் சேர்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1855லிருந்து பல பத்து வருடங்கள் இந்தியாவுக்குத் தபால்தலை அச்சடித்தது டி லா ரூ கம்பெனிதான்!)

டி லா ரூ தன் கையாலேயே 13 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி ஒன்றைச் செய்திருந்தார். கொலோடியன் என்ற புது ஈரப்பூச்சு முறையும் அப்போது வந்துவிட்டது. நேரம் நிமிடங்களிலிருந்து வினாடிகளுக்குக் குறைந்தது. ஆனால் அவருடைய தொலைநோக்கிக்குக் கடிகார இயந்திரம் கிடையாது. என்ன செய்தார் தெரியுமா? படத்தகடு வைக்கும் சட்டத்தை நகரும்படி அமைத்து, நிலாவில் ஒரு பள்ளத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது போகும் வேகத்துக்குச் சட்டத்தைக் கையாலேயே நகர்த்தினார். படங்கள் கிடைத்தன. ஆனால் மனிதக் கை எத்தனை நாள் கடிகாரமாக இருக்கமுடியும்? அவரும் விட்டுவிட்டார். 1857ல் ஊருக்கு வெளியே கிரான்ஃபோர்டுக்குத் தொலைநோக்கியை மாற்றி, கடிகார இயந்திரம் பூட்டியபிறகுதான் திரும்பவும் ஆரம்பித்தார். அதன்பின் அவர் எடுத்த நிலாப் படங்கள் ஐரோப்பாவையே அசத்தின. அட்லாண்டிக்கின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒரே காரணத்துக்காக வேலை நின்று, ஒரே வருடத்தில் மீண்டும் தொடங்கியிருக்கிறது பாருங்கள்.

கடிகார இயந்திரம் என்பது அன்றைக்குப் புதுசும் இல்லை. ஃபிரான்ஹோஃபர் 1824லேயே டோர்பாட் நகரத்துக்குச் செய்துகொடுத்த தொலைநோக்கியில் அது உண்டு. அதன் சூட்சுமம் ஒன்றுதான். மவுண்டின் இரண்டு அச்சுகளில் ஒன்றைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிடவேண்டும். அப்புறம் அந்த ஒரு அச்சை மட்டும் நட்சத்திரங்களின் வேகத்தில் சீராகச் சுற்றினால் போதும், நட்சத்திரம் நகராமல் நிற்கும். இதற்குப் பெயர் ஈக்வடோரியல் மவுண்ட். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. அந்த "சீராக" என்ற வார்த்தையில்தான் எல்லாக் கஷ்டமும்!

நிலா பிரகாசமானது. நெபுலாக்கள் அப்படி இல்லை. 1880 செப்டம்பர் 30 அன்று, முதலில் பார்த்த டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பர், ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படம் எடுத்தார். 11 அங்குல லென்ஸ், 51 நிமிடம். 1882 மார்ச்சில் இன்னொரு படம், 137 நிமிடம். அதே வருடக் கடைசியில், 45 வயதில் இறந்துபோனார்.

ஓட்டத்தைத் தொடர்ந்தவர் லண்டனுக்குப் பக்கத்தில் ஈலிங்கில் இருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன். தொழில், சுகாதாரப் பொறியியல். கழிவுநீர்க் குழாய், சாக்கடை விவகாரம்! வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடியோடு தொலைநோக்கி வைத்தார். கண்ணாடியை வேறொருவர் செய்து கொடுத்தார். காமன் தன் மூளையைச் செலவழித்தது மவுண்டில். உராய்வைக் குறைக்க, சுழலும் அச்சின் பாரத்தைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். அப்படியும் இயந்திரம் தப்பு செய்யும் என்று தெரிந்து, படத்தகட்டையே சின்னச் சின்னதாக நகர்த்தித் திருத்த வழி வைத்தார். 1883 ஜனவரி 30 இரவு, 37 நிமிடத்தில் அவர் எடுத்த ஓரியன் நெபுலாப் படத்தில், அதே தொலைநோக்கி வழியாகக் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் விழுந்திருந்தன. அதுவரை கேமரா, கண் பார்த்ததைப் பதிவு செய்யும் கருவி. அன்றிலிருந்து அது கண்ணை முந்திவிட்டது.

1888ல் லிவர்பூல் கட்டடக் காண்டிராக்டர் ஐசக் ராபர்ட்ஸ், ஆண்ட்ரமிடா நெபுலாவின் சுருள் வடிவத்தைப் படத்தில் காட்டினார். (அது தனி கேலக்ஸி என்று தெரிய இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.) 20 அங்குலக் கண்ணாடியோடு, அதே மவுண்டில் 7 அங்குல லென்ஸ் தொலைநோக்கி ஒன்றையும் மாட்டியிருந்தார். ஒன்று படம் பிடிக்க, மற்றது ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கோட்டில் வைத்துக் காவல் காக்க. இன்றைக்கு மொட்டைமாடியில் நெபுலா படம் எடுப்பவர்களும் பெரிய குழாயின் முதுகில் ஒரு குட்டிக் குழாயை மாட்டுகிறார்கள். ராபர்ட்ஸ் காலத்தில் குளிரில் மணிக்கணக்காக மனிதக் கண் பார்த்ததை, இப்போது அதில் உள்ள கேமராவும் கம்ப்யூட்டரும் பார்க்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கதை நேர் எதிர்த் திசையில் திரும்புகிறது. இந்த மவுண்டே வேண்டாம் என்று சொன்ன ஒரு சாமியாரின் கதை.

ஜான் டாப்சன் 1915ல் பீஜிங்கில் பிறந்த அமெரிக்கர். வேதியியல் படித்துவிட்டு, 1944ல் சான் ஃபிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் சேர்ந்தார். விவேகானந்தர் 1900ல் தொடங்கிய சங்கம் அது. மடத்துத் துறவியிடம் காசு ஏது? கப்பல் ஜன்னலின் தடித்த கண்ணாடியைத் தேய்த்தே தொலைநோக்கிக் கண்ணாடி செய்தார். குழாய்க்கு அட்டை உருளை. மவுண்டுக்குப் பதில் ஒட்டுப்பலகையில் ஒரு தொட்டில், உராய்வு குறைய டெஃப்லான் துண்டுகள். மேலே கீழே, இடம் வலம் என்று கையால் தள்ளவேண்டியதுதான். இயந்திரம் இல்லை, சாய்ந்த அச்சு இல்லை. ஆனால் பாறை மாதிரி ஆடாமல் நிற்கும். மவுண்டுக்குப் போகும் பணமெல்லாம் மிச்சமாவதால், அதே செலவில் பல மடங்கு பெரிய கண்ணாடி!

செய்த தொலைநோக்கிகளைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டுபோய் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் சனியின் வளையத்தைக் காட்டினார். மடத்தில் இருக்கவேண்டிய நேரத்தில் தெருவில் இருந்தார் என்ற பிரச்சினை முற்றி, 1967ல் மடத்தைவிட்டு வெளியேறவேண்டி வந்தது. 23 வருட வாழ்க்கை ஒரு குழாய்க்காகப் போயிற்று. அடுத்த வருடமே நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியலாளர்கள் அமைப்பை ஆரம்பித்தார். 2014ல் இறக்கும்வரை தெருவில் காட்டிக்கொண்டேதான் இருந்தார். அவர் வடிவமைப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. இன்று உலகம் முழுக்கக் கம்பெனிகள் அதை "டாப்சோனியன்" என்ற பெயரில் விற்றுச் சம்பாதிக்கின்றன. (வணிகவியல் மாணவர்கள் யோசிக்கவேண்டிய விஷயம்!)

புதிதாகத் தொலைநோக்கி வாங்குபவர் நிற்கும் முச்சந்தி இதுதான். 6 அல்லது 8 அங்குல டாப்சோனியன் கண்ணுக்கு விருந்து. ஆனால் அதில் நெபுலாவை நீண்ட நேரம் படம் எடுக்கமுடியாது. மோட்டார் வைத்துத் தள்ளினாலும், அச்சு சாய்ந்திருக்காததால் காட்சி மெல்லச் சுழலும். நெபுலாதான் வேண்டும் என்றால் காமன் வழியில் போகவேண்டும், பணத்தில் பெரும்பகுதியை மவுண்டுக்குக் கொடுத்துவிட்டு, மேலே 70, 80 மி.மீ. குட்டிக் குழாய் வைத்தால் போதும். கடையில் நிற்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். இரண்டையும் ஒன்றாகத் தருகிறேன் என்று சொல்லும் மலிவான பெட்டி பெரும்பாலும் இரண்டையும் தராது.

நிலாவும் கிரகங்களும் மட்டும் விதிவிலக்கு. காற்றின் அலைச்சல் நடுவே சில கணங்கள் வானம் தெளிவாக அமையும். அந்த அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று 1978ல் டேவிட் ஃப்ரைட் கணக்குப் போட்டார். 2000ஐ ஒட்டி, அரட்டைக்கு வாங்கிய சாதாரண வெப்கேமைத் தொலைநோக்கியில் சொருகி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள் அமெச்சூர்கள். ஆயிரக்கணக்கான பிரேம்களில் நல்லதை மட்டும் பொறுக்கி அடுக்கும் ரெஜிஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள் 2002ல் வந்தது. ஒவ்வொரு பிரேமும் ஒரு வினாடியின் சிறு துளி என்பதால் இதற்குக் கடிகார இயந்திரம் அவசியமில்லை. டாப்சனின் தொட்டிலிலிருந்தும் வியாழனின் பட்டைகளைப் படமாக எடுக்கலாம். நிலாவுக்கு அதுகூட வேண்டாம், செல்போனைக் கண்ணருகு லென்ஸில் ஆடாமல் பிடித்தாலே டிரேப்பரின் 20 நிமிடப் படத்தைவிட நன்றாக வரும்.

மவுண்ட் பக்கம் போகிறவர்கள் கவனிக்க இன்னொன்று. அந்தச் சாய்ந்த அச்சு, இருக்கும் ஊரின் அட்சரேகை அளவுக்குத்தான் தரையிலிருந்து உயரவேண்டும். லண்டனில் அது 51 டிகிரி. சென்னையில் 13, கன்னியாகுமரியில் வெறும் 8. மவுண்டுகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா வாடிக்கையாளரை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. சிலவற்றை இவ்வளவு தாழ்வாகச் சாய்க்கவே முடியாது, சிலவற்றில் எடைக்கட்டை போய் ஸ்டாண்டின் காலில் இடிக்கும். அச்சைச் சரிபார்க்கத் துருவ நட்சத்திரத்தைத் தேடினால் அதுவும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். கடைக்காரரிடம் எத்தனை மடங்கு என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று கேட்டுவிடுவது நல்லது.