பிரிக்கப்படாத பொட்டலம்

திருவொற்றியூர்க் கடற்கரையோரத்தில் சமாதி கொண்டிருக்கும் பட்டினத்தாரைப் பற்றி வழங்கும் கர்ணபரம்பரைக் கதையில், வளர்ப்பு மகன் மருதவாணன் கடல் வாணிகம் முடித்துக் கொண்டு வந்த மூட்டைகளை ஆவலோடு அவிழ்த்துப் பார்த்த அந்தப் பெருவணிகர், உள்ளே இருந்தவை எருவறட்டிகளே என்று கண்டு சினந்து வீசியெறிய, உடைந்த வறட்டியிலிருந்து இரத்தினங்கள் சிதறின என்பார்கள். அதன் தத்துவார்த்தத்தை அடியார்கள் அறிவார்கள். தபாலிலும் கப்பலிலும் வந்த சரக்கை வாங்கிப் பழகிய வடசென்னைவாசிகளாகிய எங்களுக்கோ அது தலைகீழாக நடந்த கதையாகவே தோன்றும். எங்களுக்கு அட்டைப்பெட்டியின் மேலே இரத்தினமும் உள்ளே வறட்டியும் வாய்த்த சந்தர்ப்பங்களே அதிகம்.

முகமறியாத வியாபாரியிடம் கண்ணால் காணாத பொருளை வாங்கும் வழக்கத்துக்கு இந்நாட்டில் அஸ்திவாரமிட்டது தபால் இலாகாதான். 1877-ஆம் ஆண்டில் அது ஏற்படுத்திய வி.பி.பி. முறையில், பொருளைப் பெறுகிறவர் தபால்காரர் கையில் விலையைக் கொடுக்க, அது அனுப்பியவருக்கு மணியார்டராகப் போய்ச் சேர்ந்தது. சிஷோம் என்னும் கட்டடச் சிற்பியின் திட்டப்படி எழுந்து 1884-இல் கடற்கரைச் சாலையில் திறக்கப்பட்ட பெரிய தபாலாபீஸ் வழியாக இப்படி எத்தனை கடிகாரங்களும் தைலப் புட்டிகளும் போய்வந்திருக்கும்! இந்த ஏற்பாட்டில் மோசம் புகக்கூடும் என்பதைச் சர்க்காரும் உணர்ந்தே இருந்தது. 1898-ஆம் ஆண்டின் தபால் சட்டம், மெய்யான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புகிறவரிடம் உறுதிமொழி வாங்கவும், வஞ்சனை நடந்திருந்தால் வசூலித்த தொகையை நிறுத்திவைத்து வாங்கியவருக்கே திருப்பவும் விதிகள் செய்ய இடம் கொடுத்தது. ஆனால் முக்கியமான ஓரிடத்தில் அது வாங்குகிறவரைக் கைவிட்டது: பணம் கட்டிய பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்கலாம். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பாராமல் ஒரு வஞ்சிர மீனைக்கூட வாங்காத ராயபுரத்து இல்லத்தரசி, தபால்காரர் முன்னால் மட்டும் முடிச்சைத் தொடாமல் காசை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தப் பலவீனத்தின் மேல் வளர்ந்தவைதாம் வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்க விளம்பரங்கள். ஒன்பது கட்டங்களில் எண்களை நிரப்பி எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து வரச் செய்தால் டிரான்சிஸ்டர் பரிசு என்றும், ஜெயித்தவர் தபால் செலவையும் ஒரு சிறு தொகையையும் மட்டும் கட்டினால் போதும் என்றும் அவை அழைத்தன. பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு; ஆகவே எல்லோருமே ஜெயித்தார்கள். விலாசமாக இருந்ததோ வடக்கே எங்கோ ஒரு நகரத்தின் தபால்பெட்டி எண். ஏமாந்த பிறகு தபால்பெட்டியின் முன் நின்று யாரோடு சண்டை போடுவது?

இனி, பெரிய தபாலாபீஸ் நிற்கும் அதே கடற்கரைச் சாலையில் சில அடி தூரத்தில் தோன்றிய வேறொரு வியாபாரத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பர்மாவில் 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், 1964 மார்ச்சில் கடைகள் தேசியமயமாகி, மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகளும் செல்லாமற்போக, தலைமுறைகளாகத் தேடிய சொத்தை இழந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழர்களுக்கு, 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் கடைகள் கிடைத்தன. அதுவே பர்மா பஜார். அந்நியச் சாமான்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த அக்காலத்தில், கப்பல் ஊழியர்களும், சிங்கப்பூருக்குப் போய்வந்து சரக்குச் சுமந்த ‘குருவி’களும் கொண்டு வந்த டேப் ரிக்கார்டரும் கைக்கடிகாரமும் கால்குலேட்டரும் அங்கே விலைபோயின. பில் கிடையாது, பில் இல்லாததால் சட்டமும் கிடையாது. ஆகவே ஜனங்கள் தாமாகவே ஒரு பரீட்சை முறையை வகுத்துக்கொண்டார்கள். பெட்டியைக் கடைக்காரர் கையிலேயே பிரிக்கச் சொல்லுவார்கள். செல் போட்டுப் பாடவைப்பார்கள். பாடிக் காட்டிய பெட்டி வேறு, பொட்டலம் கட்டிக் கொடுத்த பெட்டி வேறு என்ற கதைகள் ஊரில் உலவியதால், கட்டும்போது கண்ணை எடுக்கமாட்டார்கள். இத்தனைக்கும் மேலாக, கடை எண்ணை மனத்தில் குறித்துக்கொள்வார்கள். எர்ணாவூரிலோ வியாசர்பாடியிலோ வீடு உள்ளவர், காலையில் இதே ரயிலில் இறங்கி இதே பலகையைத் திறப்பவர் என்று தெரிந்துவிட்டால், விலையில் பத்து ரூபாய் கூடினாலும் அவரிடமே வாங்குவது புத்திசாலித்தனம் என்று கருதப்பட்டது. விற்பவர் நல்லவரா என்பதைக் காட்டிலும் நாளைக்கு அகப்படுவாரா என்பதே கேள்வி. எனக்கு இந்த நியாயம் தபால் சட்டத்தைவிட உறுதியானதாகத் தோன்றியதுண்டு.

கம்ப்யூட்டர் வந்தபோது இந்தப் பரீட்சைக்குச் சோதனை வந்தது. 1984-இல் கம்ப்யூட்டர் கொள்கை தளர்ந்து, 1991-க்குப் பின் உதிரிபாகங்கள் தாராளமாக வரத் தொடங்கியதும், அண்ணா சாலைக்கு அருகே ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலே பொருத்திக்கொள்வது பரவலாயிற்று. ஆனால் ‘சிப்’புக்குச் செவுள் ஏது? குறைந்த வேகமுள்ள பிராசசரின் முதுகில் இருந்த எழுத்தைச் சுரண்டி, அதிக வேகத்தை அச்சிட்டு விற்கும் மோசடி அந்தப் பத்தாண்டில் உலகமெங்கும் நடந்தது. உயர்த்திய வேகத்தில் அது ஓடவும் செய்யும், கோடையில்தான் சூடேறித் திணறும். கண்ணும் கையும் பயனற்றுப்போன அந்தச் சந்தையில், மெமரியின் மீதும் ஹார்ட் டிஸ்க்கின் மீதும் கடைக்காரர் ஒட்டிய தேதியிட்ட சின்னஞ்சிறு ஸ்டிக்கரே பிரமாணமாயிற்று. அது கிழிந்தால் கியாரண்டி போயிற்று. தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் தெருவுக்கு ஒருவராக முளைத்த அசெம்பிள் செய்யும் இளைஞர்கள் வாங்குபவருக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவே நின்றார்கள். ‘அண்ணே, அந்தக் கடை வேணாம், ரெண்டு மாசத்துல பேர மாத்திடுவான்’ என்ற அவர்களுடைய எச்சரிக்கையில் பர்மா பஜாரின் பழைய நியாயமே பேசிற்று.

2010-இல் பிளிப்கார்ட் பொருளைப் பெறும்போது பணம் கொடுக்கலாம் என்று அறிவித்ததை நாட்டார் புதுமை என்று கொண்டாடினார்கள். 133 வருஷத்துக்கு முந்திய வி.பி.பி. பெயரை மாற்றிக்கொண்டு திரும்பியதென்று எனக்குப் பட்டது. பொட்டலத்தில் செங்கல்லும் சோப்புக் கட்டியும் வந்த செய்திகளும் கூடவே திரும்பின. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், சந்தை நடத்தும் நிறுவனம் தன்னிடம் கடை விரித்தவரின் பெயரையும் விலாசத்தையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டுமென்றும், குறை கேட்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புகை தர வேண்டுமென்றும் விதித்தன. கதவருகே பெட்டியைத் திறந்துகாட்டி ஒப்படைக்கும் ஏற்பாடும் சில பொருள்களுக்கு வந்திருக்கிறது. தபாலாபீஸ் அன்று மறுத்த சலுகை அது.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், கிராபிக்ஸ் கார்டு போன்ற விலையுயர்ந்த பாகம் வாங்குமுன் நட்சத்திரங்களையும் பாராட்டுகளையும் வெகு வேகமாகத் தள்ளிவிட்டு, விற்பவரின் விலாசம் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கிறார். பிறகு அந்தத் தெருவைத் தேசப்படத்தில் பெரிதாக்கிப் பார்த்து, அங்கே மெய்யாகவே ஒரு கடைப் பலகை தொங்குகிறதா என்று நிதானமாகக் கவனிக்கிறார். அது சென்னை விலாசமாக இருந்துவிட்டால், மின்சார ரயிலில் எந்த நிலையத்தில் இறங்கவேண்டும் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்கிறார்.