குடுவைக் காந்தமும் பாக்டீரியாக் காந்தமும்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டியை அடையாளம் காட்டவும், அதைச் சூடேற்றி அழிக்கவும் மருத்துவம் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நானோ துகள்களை நாடுகிறது. இந்த மேக்னடைட் ஆய்வகக் குடுவையிலும் கிடைக்கிறது, சேற்று பாக்டீரியாவின் உடலுக்குள்ளும் விளைகிறது.

குடுவை வழி சுலபம். இருவகை இரும்பு உப்புகள் கலந்த கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்ததும் கரைசல் கறுத்து, துகள்கள் வீழ்படிகின்றன. பெரும்பாலும் 10 நானோமீட்டர் அளவுதான். ஆனால் ஒரே சீராக இருப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க டெக்ஸ்ட்ரான் போன்ற பூச்சும் தேவை.

பாக்டீரியாவின் கைவேலையோ வியக்க வைப்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எடுத்த சேற்றை நுண்ணோக்கியில் பார்த்த ரிச்சர்ட் பிளேக்மோர், சில பாக்டீரியாக்கள் ஒரே பக்கமாக நீந்தித் துளியின் ஓரத்தில் குவிவதைக் கண்டார். காந்தத்தை அருகே கொண்டுபோனதும் அவை திசை மாறின. 1975இல் இதை வெளியிட்டார். அவற்றின் உடலுக்குள் மணிமாலைபோல் வரிசையாகக் காந்தப் படிகங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு. சவ்வோடு சேர்ந்த இந்தப் படிகமே மேக்னட்டோசோம். அளவு சுமார் 35 முதல் 120 நானோமீட்டர் வரை. ஆனால் ஓர் இனத்துக்குள் அளவும் வடிவமும் பெரிதாக மாறுவதில்லை, ஏனென்றால் மரபணுக்களே அவற்றைத் தீர்மானிக்கின்றன. மரபணுவைத் திருத்தினால், நாம் விரும்பும் புரதத்தைச் சவ்வின்மேல் ஏற்றியே வளர்க்கலாம். மாறும் காந்தப்புலத்தில் இவை நன்றாகச் சூடேறுவதும் ஆய்வகங்களில் தெரிந்ததே.

படிகத்தின் நேர்த்தியில் பாக்டீரியாவே மேல். ஆனால் நோயாளியின் உடலுக்குள் போனது குடுவைத் துகள்தான். கல்லீரல் ஸ்கேனுக்கான ஃபெருமாக்சைடு என்ற துகளுக்கு 1996இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் துகளை விழுங்குவதால் நல்ல பகுதி ஸ்கேனில் கருக்கும்; அந்தச் செல்கள் இல்லாத கட்டி வெளுத்துத் தனித்துத் தெரியும். மூளைக் கட்டியைச் சூடேற்றும் நானோதெர்ம் துகளுக்கு 2010இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

மேக்னட்டோசோமுக்குத் தடையாக நிற்பது பிறப்பிடமே. இந்தப் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் எண்டோடாக்சின் என்ற நச்சு உண்டு. ரத்தத்தில் கலந்தால் காய்ச்சலும் உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சி நிலையும் வரலாம். குறைந்த ஆக்சிஜனில் பக்குவமாக வளர்த்தும், ஒரு லிட்டருக்குக் கிடைப்பது மில்லிகிராம் கணக்கில்தான்.

இன்றைய சிகிச்சைக்குக் குடுவைத் துகளே தகுந்தது என்பது என் முடிவு. மேக்னட்டோசோம் ஆய்வுக்கு நிதி குறையக்கூடாது என்பதும்தான். உயிரி தயாரித்த துகள் என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால், எண்டோடாக்சினை எந்த அளவுக்கு நீக்கியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.