கழற்றிப் பார்த்துவிட்டு எழுதிய மனிதர்

கார் இல்லாதவன் கார் ரிப்பேர் புத்தகம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்ன பேச்சு கிடைக்குமோ, அது எனக்கும் கிடைத்தது. "முதல்ல காரை வாங்குங்க, அப்புறம் ரிப்பேர் பண்ணலாம்." நியாயம்தான். பதில் சொல்ல முடியவில்லை :-)

லஸ் கார்னர் பிளாட்பாரத்தில் பழைய புத்தகக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது கையில் அகப்பட்டது அது. மோரிஸ் மைனர் 1000 காருக்கான ஹேன்ஸ் கையேடு. 60 ரூபாய். உள்ளே பக்க ஓரமெல்லாம் கிரீஸ் விரல் ரேகை. கார்புரேட்டர் அத்தியாயத்தில் பாதிப் பக்கம் கறுப்பாகவே இருந்தது. யாரோ ஒருத்தர் இந்தப் புத்தகத்தை எஞ்சின் மேலேயே விரித்து வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. அதுக்காகவேதான் வாங்கினேன்.

படிக்க ஆரம்பித்த பிறகுதான், யார் இந்த ஹேன்ஸ் என்று தேடிப் பார்த்தேன். முதல் வரியிலேயே ஒரு ஆச்சரியம். ஜான் ஹேன்ஸ் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை. 1938-ல் சிலோனில். அப்பா தேயிலைத் தோட்ட மேலாளர். தோட்டத் தமிழில் சொன்னால் பெரிய துரை! துரை வீட்டுப் பிள்ளைகளை வழக்கமாக எங்கே அனுப்புவார்களோ அங்கேதான் இவரையும் அனுப்பினார்கள், இங்கிலாந்துக்கு. கெண்ட் பகுதியில் சட்டன் வேலன்ஸ் என்கிற ஹாஸ்டல் பள்ளி.

அங்கே பையனுக்கு ரக்பி பிடிக்கவில்லை. ஹவுஸ் மாஸ்டரிடம் நைசாகப் பேசி, அந்த நேரத்தில் ஒரு பழைய ஆஸ்டின் 7 காரை நோண்ட அனுமதி வாங்கிவிட்டான். (நம்ம பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் இப்படிக் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.) ஆஸ்டின் 7 என்பது 1922-லிருந்து 1939 வரை தயாரான குட்டிக் கார். 747 சிசி எஞ்சின். ஐம்பதுகளில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. மேலே இருக்கிற கனமான பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, லேசான பாடி ஒன்றைப் பூட்டினால் அதுவே ஒரு ஏழையின் ஸ்போர்ட்ஸ் கார். 'ஸ்பெஷல்' என்பார்கள். லோட்டஸ் கம்பெனியை ஆரம்பித்த காலின் சாப்மன் 1948-ல் கட்டிய முதல் காரும் ஆஸ்டின் 7-ஐப் பிரித்துப் போட்டுச் செய்ததுதான்.

ஹேன்ஸ் தன் ஸ்பெஷலைச் செய்து முடித்து விளம்பரம் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பேர் கேட்டு எழுதினார்கள். இங்கேதான் பையன் மூளை வேலை செய்தது. கார் ஒன்றுதான், ஒருத்தருக்குத்தான் விற்க முடியும். ஆனால் செய்த விதத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாமே! 1956-ல், பள்ளியில் இருக்கும்போதே, செய்முறையை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். 250 பிரதிகள், பத்தே நாளில் காலி.

பிறகு விமானப்படையில் சேர்ந்தார். கையேட்டுக் கதை உண்மையில் ஆரம்பிப்பது 1965-ல், ஏடனில். அப்போது ஏடன் பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்தது. (இரண்டே வருஷத்தில், 1967 நவம்பரில், கிளம்ப வேண்டியதாயிற்று.) கூட வேலை பார்த்த ஒருத்தர் ஓட்டை உடைசலான ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் கார் ஒன்றை வாங்கிவிட்டு, "சரிபண்ணிக் கொடுப்பா" என்று வந்து நின்றார். பானெட் மேல் இரண்டு விளக்கும் தவளைக்கண் மாதிரி துருத்திக்கொண்டு நிற்குமே, அந்தக் கார். 948 சிசி எஞ்சின். என் புத்தகத்தில் இருக்கிற மோரிஸ் மைனர் 1000-க்கும் ஆரம்பத்தில் அதே குடும்பத்து எஞ்சின்தான்.

(ஒரு கொசுறு: ஆஸ்டின் பெயர் நமக்கும் அந்நியம் இல்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டியது ஆஸ்டின் கார்களைத்தான். அந்த அசோக் மோட்டார்ஸ்தான் பிற்பாடு அசோக் லேலண்ட்.)

ஹேன்ஸ் கம்பெனி கொடுத்த மேனுவலைப் பிரித்துப் பார்த்தார். உதவவில்லை. ஏன் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. கம்பெனி மேனுவல் டீலரிடம் வேலை செய்கிற, பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்காக எழுதியது. "கியர்பாக்ஸை இறக்கவும்" என்று ஒரு வரியில் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். இன்ன எண் கொண்ட விசேஷ கருவியைப் பயன்படுத்தவும் என்று இருக்கும். அந்தக் கருவி கம்பெனி ஷெட்டைத் தவிர வேறு எங்கேயும் கிடைக்காது. எழுதினவர் பொய் சொல்லவில்லை. தெரிந்தவருக்காகத் தெரிந்தவர் எழுதியது, அவ்வளவுதான்.

ஹேன்ஸ் ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு, எஞ்சினைப் பிரிக்கிறதிலிருந்து திரும்பப் பூட்டுகிற வரைக்கும் படிப்படியாகப் படம் எடுத்தார். அதுதான் 1966-ல் வந்த முதல் ஹேன்ஸ் கையேடு. 3000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. அதற்கப்புறம் அந்தக் கம்பெனி பிடித்துக்கொண்ட வழக்கம் இதுதான்: கையேடு போட வேண்டிய காரை நிஜமாகவே வாங்கு. பட்டறையில் கழற்று. திரும்பப் பூட்டு. ஒவ்வொரு படியையும் படம் எடு. சாதாரண வீட்டுப் பெட்டியில் இருக்கிற ஸ்பானரால் முடிகிறதா என்று பார். விசேஷ கருவி இல்லாமல் வராது என்றால் மாற்று வழி இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் அதையும் சொல்லிவிடு. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஸ்பானர் படம் போட்டுக் கஷ்டத்தைக் காட்டுகிற வழக்கமும் பின்னால் வந்தது. ஒரு ஸ்பானர் என்றால் யாரும் செய்யலாம். ஐந்து ஸ்பானர் என்றால் பேசாமல் ஷெட்டுக்குப் போ.

புத்தகம் இப்படி ஓடினதுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பலரும் சொல்வதில்லை. பிரிட்டனில் 1960-ல் பழைய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை கொண்டுவந்தார்கள். முதலில் 10 வயசுக்கு மேற்பட்ட கார்களுக்கு. சீக்கிரமே அதை 7 வயசாகக் குறைத்தார்கள். 1967-ல் 3 வயசு. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு எல்லாம் சரியாக இருந்தால்தான் சான்றிதழ். செகண்ட் ஹாண்ட் கார் வைத்திருக்கிற குமாஸ்தாவும் தொழிலாளியும் என்ன செய்வார்கள்? ஷெட்டுக்குக் கொடுக்கக் காசு கிடையாது. சட்டம் கழுத்தில் கத்தி வைக்கிறது. சனிக்கிழமை சட்டைக்கையை மடித்துக்கொண்டு காருக்கு அடியில் படுக்க வேண்டியதுதான். இதைப் பொழுதுபோக்கு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ பாதிக்குப் பாதியாவது பணமுடை என்றுதான் தோன்றுகிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பூட்டுகிற கட்டம் வந்ததும் பல இடங்களில், கழற்றியதற்கு நேர் தலைகீழாகச் செய்யவும் என்று முடித்துவிடுவார்கள். பிரிட்டனில் இது பெரிய ஜோக். கழற்றும்போது சுத்தியலால் நாலு தட்டு தட்டி எடுத்த பேரிங்கை எப்படித் தலைகீழாகத் தட்டுவதாம்?

எனக்கு அந்த அனுபவம் உண்டு. கல்லூரி நாட்களில் மொபெட் கார்புரேட்டரை நானே சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று கழற்றினேன். யாரைக் கேட்டும் இல்லை, பக்கத்து ஷெட்டில் வேடிக்கை பார்த்த தைரியம்தான். பூட்டி முடித்தபோது தரையில் குண்டூசி சைஸில் ஒரு சாமான் மிச்சம் இருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதால், அது தேவையில்லாத சாமான் போல என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலையில் வண்டிக்குக் கீழே ஒரு குட்டிப் பெட்ரோல் குளம். மிஞ்சினது ஃப்ளோட் நீடில். கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கிற ஊசி அது. ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "யாரு கை வெச்சது?" சரி பண்ணும்போது என்ன ஆச்சு என்று கேட்டேன். "உனக்கு எதுக்குப்பா அதெல்லாம், வண்டி ஓடுதில்ல?" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வருஷம் அடி வாங்கி, "பத்து-பதினொண்ணு ஸ்பானரை எடுறா" என்கிற குரலுக்கு ஓடி ஓடிக் கற்றுக்கொண்டதை எனக்கு எதற்குச் சும்மா சொல்ல வேண்டும்? அது அவர் சோறு. ஆனால் அன்றைக்கு யாராவது ஃப்ளோட் நீடில் என்றால் என்ன என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் அதற்கப்புறமும் வண்டியில் கை வைத்திருப்பேன். அதோடு விட்டுவிட்டேன். இன்றைக்குவரை பிளக் கழற்றுவதோடு சரி.

அதே அறுபதுகளில் அமெரிக்காவில் இன்னொருத்தர் வேறு மாதிரி செய்தார். ஜான் முயிர். எஞ்சினியர் வேலையை உதறிவிட்டு நியூ மெக்சிகோ பக்கம் போய் மெக்கானிக் ஆன ஆள். ஃபோக்ஸ்வாகன் வண்டியை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று, அடிமுட்டாளுக்கான கையேடு என்கிற தலைப்போடு 1969-ல் ஒரு புத்தகம் போட்டார். போட்டோ கிடையாது, பீட்டர் அஷ்வாண்டனின் கோட்டோவியங்கள். ஹேன்ஸ் காட்டுகிறவர் என்றால் முயிர் பேசுகிறவர். பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதே என்று தோளில் தட்டுகிற மாதிரி எழுத்து. ஸ்பானரே பிடிக்காத ஹிப்பிகள் அதை வைத்துக்கொண்டு எஞ்சின் இறக்கினார்கள். எனக்குப் படிப்பதற்கு முயிர் பிடிக்கும். கையில் கிரீஸோடு இருக்கும்போது ஹேன்ஸ்தான் வேண்டும்.

பாஸ்டன் பக்கத்தில் டாம், ரே மாக்லியோஸி என்று அண்ணன் தம்பி. இரண்டு பேரும் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள். 1973-ல் ஒரு ஷெட் திறந்தார்கள். இடமும் கருவியும் வாடகைக்கு, உன் காரை நீயே ரிப்பேர் பண்ணிக்கொள், சந்தேகம் வந்தால் எங்களைக் கேள். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அது நீடிக்கவில்லை, பிறகு வழக்கமான ஷெட்டாக மாறிவிட்டது. 1977-ல் உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று மெக்கானிக்குகள் பலரைக் கூப்பிட்டதாம், போனது டாம் மட்டும். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'கார் டாக்' நிகழ்ச்சி. 1987-லிருந்து நாடு முழுக்க ஒலிபரப்பு, 2012 வரை புது நிகழ்ச்சிகள். போனில் கூப்பிடுகிறவர்கள் வண்டி போடுகிற சத்தத்தை வாயாலேயே போட்டுக்காட்டுவார்கள். இவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நோயைச் சொல்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் ஒரு பகுதி: முன்பு ஆலோசனை கேட்டவரைத் திரும்பக் கூப்பிட்டு, நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். தப்பு என்றால் தப்பு என்று ஒலிபரப்பாகும். ஆலோசனை சொல்கிற வேறு எந்தத் தொழிலில் இது இருக்கிறது, சொல்லுங்கள். ஜோசியர் செய்வாரா? டாம் 2014-ல் காலமானார்.

இதெல்லாம் கார்புரேட்டர் காலத்துக் கதை. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 என்கிற கணினிச் செருகி கட்டாயம். காதை வைத்துக் கேட்ட காலம் போய், கோளாறை வண்டியே எண்ணாகச் சொல்கிற காலம். அந்த எண்ணுக்கு மேலே போய் உள்ளே இருக்கிற தகவலை யார் படிக்கலாம் என்பதுதான் அடுத்த சண்டை. மாசசூசெட்ஸில் 2012-ல் அதை வாக்கெடுப்புக்கே விட்டார்கள். டீலருக்குக் கொடுக்கிற ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கார் சொந்தக்காரனுக்கும் கொடு என்று மக்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். 1965-ல் ஏடனில் ஹேன்ஸுக்கு வந்த அதே எரிச்சல்தான்.

ஹேன்ஸ் கையேடுகள் உலகம் முழுக்க 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. சாமர்செட்டில் ஸ்பார்க்ஃபோர்டு என்கிற ஊரில் 1985-ல் கார் மியூசியமும் வைத்தார். அவர் 2019 பிப்ரவரியில் காலமானார், வயது 80. அடுத்த வருஷமே கம்பெனி பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. புது மாடல் கார்களுக்கு இனி அச்சில் கையேடு போடுவதில்லை என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள்.

என் 60 ரூபாய்ப் புத்தகத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி பிரேக் அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்சக்கர டிரம் படத்துக்குப் பக்கத்தில் பென்சிலில், தமிழில், சின்னச் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "ஸ்பிரிங் தெறிக்கும். கண்ணைப் பார்த்துக்கோ. சேகரைப் பக்கத்தில் விடாதே."

சேகர் யாராக இருக்கும்? பையனாகத்தான் இருக்க வேண்டும். வீட்டம்மாவிடம் காட்டினேன். வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, புத்தகத்தை ஷெல்ஃபில் மேல் தட்டில் வைத்துவிட்டார்.