புங்க மரப் பந்தல் பிறந்த கதை

கம்பளத்து நாயக்கர் வீட்டில் கல்யாணம் என்றால் பந்தலுக்குப் புங்க மரம்தான் வெட்டுவார்கள். வேறு மரம் ஆகாது. 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் இந்த வழக்கத்தையும், அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.

காரணம் ஒரு கதை. முன்னொரு காலத்தில் அவர்கள் துங்கபத்திரைக்கு வடக்கே குடியிருந்தார்களாம். அங்கே ஆண்ட முஸ்லிம்கள் இவர்கள் வீட்டுப் பெண்களைக் கட்ட நினைத்தார்கள். கொடுக்க மனமில்லாத கூட்டம் ஒரே இரவில் தெற்கே கிளம்பியது. பின்னால் துரத்தல், முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும் ஆறு. இனி அவ்வளவுதான் என்று நின்றபோது, இரு கரைப் புங்க மரங்களும் குனிந்து நடு ஆற்றில் ஒன்றையொன்று தொட்டுப் பாலமாயின. கூட்டம் கடந்ததும் நிமிர்ந்துகொண்டன. அந்த நன்றிக்காகத்தான் பந்தலில் புங்கு.

இராஜபாளையத்துக்குக் கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி என்று விரியும் கரிசலில், வீட்டுக்குள் தெலுங்கு பேசும் பல சாதியாரிடம் இதன் சாயல்கள் உண்டு. கி. ராஜநாராயணன் 1976-இல் எழுதிய ‘கோபல்ல கிராமம்’ நாவலில் கம்மவார் கூட்டத்தின் முதுகிழவி மங்கத்தாயாரு அம்மாள் சொல்லும் வரலாறும் இதே தடத்தில்தான் போகிறது. அங்கே காப்பாற்றப்படும் பெண்ணுக்குச் சென்னாதேவி என்று பெயர்.

இதைச் சமயப் பகைக் கதையாக மட்டும் படித்தால் முக்கியமானது கை நழுவிவிடும். நகரத்தார் சொல்லும் இடப்பெயர்வுக் கதையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சோழ மன்னனே கொடியவன். அவனால் பெண்கள் உயிர்விட, மிஞ்சிய ஆண்பிள்ளைகள் வேளாளப் பெண்களை மணந்து பாண்டிய நாட்டுக்கு வந்தார்கள் என்பது அவர்கள் வழக்கு. கொடுமைக்காரன் சுல்தானாகவும் இருக்கிறான், சோழனாகவும் இருக்கிறான். ஊரை விட்டதற்குப் பெண்ணே காரணம் என்பது மட்டும் மாறுவதில்லை.

ஏடுகள் காட்டும் வரலாறு வேறு மாதிரி. பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசன் குமார கம்பணனின் படை மதுரைக்கு வந்தது. 1529-ஐ ஒட்டி விசுவநாத நாயக்கரின் ஆட்சி தொடங்கியது; நாடு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரிந்தது. வாளோடு வந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. உறவுமுறையார் பின்னாலேயே வந்தார்கள். இராஜபாளையம் என்ற பெயரிலேயே பாளையம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனை இன்றும் நிற்கிறது. பஞ்சத்துக்கும் போருக்கும் பயந்து ஓடி வந்தவர்களும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் மண் தேடியும் பதவி தேடியும் வந்த பெருங்கூட்டத்தின் நினைவில் மண்ணும் பதவியும் பின்னுக்குப் போய், ஒரு பெண்ணைக் காப்பாற்றியது முன்னுக்கு வந்ததுதான் எனக்குப் பெரிய செய்தி. புது ஊரில், புது மொழிக்கு நடுவே, நாம் யார் என்று சொல்லிக்கொள்ள ஒரு வேலி வேண்டியிருந்தது. வேலியைப் பெண்ணைச் சுற்றிப் போட்டார்கள்.

அந்த நினைவைப் பந்தலில் கொண்டு வைத்ததில்தான் அதன் பலம் இருக்கிறது. கதை என்றால் கேட்டுவிட்டு மறந்துபோகலாம். பந்தல் தலைமுறைக்குத் தலைமுறை, ஒவ்வொரு மகளின் தலைக்கு மேலும் நின்றது. உனக்காகத்தான் ஊரையே விட்டோம் என்று சொல்லப்பட்டவள் வெளியே மனம் வைக்க முடியுமா? துங்கபத்திரைக் கரையில் அவள் என்ன நினைத்தாள் என்று கதை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் இவர்கள் வந்து சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர், மானிடனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன், அரங்கன்தான் என்று தானே முடிவு சொன்ன ஆண்டாளின் ஊர்.

வேலிக்குள் நிழலும் இருந்தது. பெண்ணை வெளியே கொடுப்பதில்லை என்றானபின் அத்தை மகன், தாய்மாமன் என்று முறைக்குள்ளேயே கட்டினார்கள். அக்காள் மகளைக் கட்டினால் மாமியாரே அம்மாச்சி. முன்பின் அறியாத வீட்டில் போய் வாய்மூடி நிற்கும் வடநாட்டு மருமகளைவிட இவளுக்குப் பேச்சுரிமை கூடுதல். டைசன், மூர் என்ற இருவர் 1983-இல் எழுதிய கட்டுரை வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் விளக்குகிறது. ஆனால் முறைமாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதில் அடங்கவில்லை.

வேலியை அதற்குமேல் இறுக்கக் கரிசல் மண் விடவில்லை. மானாவாரிக் காட்டில் களையெடுப்பும் பருத்தி எடுப்பும் பெண் கை இல்லாமல் நடக்காது. சூரியன் ஏறிவிட்டால் காய்ந்த இலை நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும். அதனால் பனி ஈரம் இருக்கும்போதே மடியைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கிவிட வேண்டும். காப்பாற்றப்பட வேண்டியவள் என்று பந்தலில் சொல்லப்பட்டவளை விடியுமுன் வெளியே கூப்பிட்டது பருத்திச் செடி. வசதியுள்ள வீடுகள் மட்டும் தங்கள் பெண்களைக் காட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டன. அது கௌரவமாயிற்று.

குடியேற்றக் காலத்து ஏற்பாடு அதன் காரணம் ஒழிந்த பிறகும் நிற்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சான்று. 1788-க்கும் 1868-க்கும் இடையே பிரிட்டன் அங்கே ஏற்றி அனுப்பிய கைதிகளில் பெரும்பாலோர் ஆண்கள். அன்று பெண்கள் மிகக் குறைவாயிருந்த பகுதிகளில், பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றும் கூடுதலாக இருக்கிறது. பெண்கள் வெளிவேலை பார்க்கும் நேரமும் குறைவு. பாலின் குரோஜான், ரோஸ் கட்டார் என்ற பொருளியலாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆண்-பெண் எண்ணிக்கை சமமாகித் தலைமுறைகள் ஆனபின்னும் அந்த எண்ணம் கரையவில்லை.

இங்கேயும் வேலி மறையவில்லை. இராஜபாளையத்தில் பருத்தி மில்லுக்குள் போனது. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார், நூற்பாலைகள் பெருகின. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை பெண்ணை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. சொன்ன காரணம் பாதுகாப்பு. அதன் விலையாக இரவு ஷிப்ட் சம்பளம் ஆண்களுக்கே போயிற்று.

2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. போக்குவரத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளோடு பெண்கள் இரவிலும் வேலை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் பெண் தொழிலாளர்களும் இருந்தார்கள். இந்த முறை அவர்கள் தரப்பை நீதிமன்றம் கேட்டது. அவர்களும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொன்னார்கள்.