மாடு இழுத்த புல்வெட்டி

ஹைதர் அலி 1760இல் லால்பாக் தோட்டத்தைப் போட்டது சிராவின் முகலாயத் தோட்டத்தைப் பார்த்து. ஆனால் பெங்களூரில் புல்லை ஒட்ட வெட்டிப் பார்க்கும் மோகம் பின்னால் கன்டோன்மென்ட் பங்களாக்களோடு வந்ததுதான். முதலில் அரிவாள். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் பிசிரைச் சீவும் உருளைக் கத்தியைப் புல்லுக்கு மாற்றினார். பெரிய புல்வெளிகளில் அந்த எந்திரத்தைக் குதிரை இழுத்தது. குளம்புத் தடம் விழாமலிருக்கத் தோல் காலணி வேறு! நம் ஊரில் அந்த வேலை மாட்டுக்கு.

1960களில் அமெரிக்காவின் கான்சாஸில் ஜான் ரெஜியர் என்பவர் ஜீரோ டர்ன் என்ற, ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியைக் கொண்டுவந்தார். சர்ஜாப்பூர் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் தோட்டத்தில் இப்போது அதுதான். ஸ்டியரிங் கிடையாது, பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி நெம்புகோல். ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரம்தான். மாமரங்களைச் சுற்றி வெட்ட இதை மிஞ்ச ஆளில்லை.

ஈரச் சரிவில் மட்டும் நம்பமாட்டேன். முன்சக்கரங்கள் தம்பாட்டுக்கு உருள்பவை. பின்சக்கரம் பிடி விட்டால் திருப்ப வழியில்லை. விற்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. ஜூன் முதல் அக்டோபர் வரை ஏரிக்கரைச் சரிவுக்குத் தோளில் மாட்டும் புல்வெட்டியைத்தான் அனுப்புகிறேன்.