தனி இழையில் நிகழ்வுச் சுழல்

கைபேசிச் செயலிக்கு வரும் தொடுகை, சாளர மாற்றம், நிறுத்தக் கட்டளை போன்றவற்றை வரிசையில் எடுத்துக் கையாளும் ஓயாத சுற்றை, முதன்மை இழையில் (thread) அல்லாமல் வேறோர் இழையில் ஓட்டும் முறை. சி, சி++ மொழிகளில் எழுதும் ஆண்ட்ராய்டு விளையாட்டுகளில் இது வழக்கம்.

ஆண்ட்ராய்டு 2.3 பதிப்பில் (2010) வந்த, சி, சி++ செயலிகளுக்கான நேட்டிவ் ஆக்டிவிட்டி என்ற வகுப்பு, செயலியை முதன்மை இழையில்தான் அழைக்கிறது. அங்கேயே சுற்றைத் தொடங்கினால் கட்டுப்பாடு அமைப்புக்குத் திரும்பாது. தொடுகைக்கு 5 விநாடி பதில் இல்லையென்றால் 'செயலி பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்பு வரும். எனவே கூகுள் தரும் இணைப்பு நிரல் புதிய இழையில் சுற்றைத் தொடங்குகிறது. முதன்மை இழை ஒவ்வொரு கட்டளையையும் ஒரு பைப் வழியே அனுப்ப, மறுமுனையில், நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் லூப்பர் அதை எடுக்கிறது. திருமலைக் கோயிலின் காத்திருப்பு வளாகமான வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் பக்தர்களை அறைகளில் அமர்த்தி முறைப்படி விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பிரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது தவறு. சாளரம் அழியும்போது முதன்மை இழை, சுற்று ஓடும் இழையின் ஒப்புதலுக்காகக் காத்து நிற்கும். அந்த இழை வேறு வேலையில் மூழ்கியிருந்தால் செயலி பதிலளிக்காத பழைய நிலையே திரும்பும்.

ஐபோனில் இதே உத்தி அப்படியே செல்லாது: அதன் இடைமுக நிரலகமான யூஐகிட்டின் நிகழ்வுகள் முதன்மை இழைக்கே உரியவை, கணக்கீட்டை மட்டும் வெளியேற்றலாம். விளையாட்டுகளைப் போலன்றி, திருப்பதி தேவஸ்தானம் 2023 ஜனவரியில் வெளியிட்டது போன்ற முன்பதிவுச் செயலிகளுக்குத் தனிச் சுழல் தேவைப்படுவதில்லை. இணைய அழைப்பைப் பின்னணிக்கு அனுப்பினால் போதும்; ஆண்ட்ராய்டு 3.0 முதல் அது கட்டாயமும்கூட.