ஒட்டவைத்த வானம்

எங்க ஊர் மணலூர்பேட்டையைத் தொட்டு ஓடும் தென்பெண்ணை, கடலூருக்குப் பக்கத்தில் வங்கக் கடலில் கலக்கிறது. அங்கே ஒரு விடியலில் நான் எடுத்த படத்தைப் போட்டி ஒன்றில் தள்ளிவிட்டார்கள். கடலுக்கு ஒரு எக்ஸ்போஷர், வானத்துக்கு ஒரு எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்த்திருந்தேன். "இது போட்டோ இல்ல தம்பி, ஃபோட்டோஷாப். அந்தக் காலத்துல இப்படியா எடுத்தாங்க?" என்றார் நடுவர்களில் ஒருவர்.

அந்தக் காலத்தில்தான் இப்படி எடுத்தார்கள்.

1850களின் நெகட்டிவ் நீல ஒளியை மட்டும் அள்ளிக் குடிக்கும். அலை பதிய ஒளி விட்டால் வானம் வெறும் வெள்ளை. வானத்துக்குப் பார்த்து எடுத்தால் கடல் கரி. பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே, அலைக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு இன்னொன்று என எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டுத் தொடுவானக் கோட்டில் சேர்த்தார். செத் துறைமுகத்தில் எடுத்த அவருடைய பேரலைப் படம் (1857) அப்படிப்பட்டது. ஒரே மேகத்தை வேறு வேறு கடல்களின் மேலும் நிறுத்தியிருக்கிறார். கள்ளத்தனம்தான், ஆனா என்ன மேகம்!

கடல் அவருக்குத் தோதாக இருந்தது. தொடுவானம் நேர்கோடு, ஒட்டு தெரியாது. எங்க ஊர் ஆற்றில் எதிர்க்கரை மரங்கள் வானத்துக்குள் தலையை நீட்டி நிற்கும். அங்கே இந்த வித்தை பலிக்காது.

இன்று லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பாதி கறுத்த ஃபில்டருக்கும் இதே சிக்கல். மூன்று ஸ்டாப் ஃபில்டர், வான ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். கடல் மட்டும் என்றால் பிரமாதம். படகின் கொடிக்கம்பம் கோட்டைத் தாண்டி நின்றால் அதன் தலையும் கறுத்துவிடும். என் படத்தில் படகு நின்றது. அதனால்தான் இரண்டு எக்ஸ்போஷர், அதுவும் சில நொடி இடைவெளியில், அதே வானம். போட்டி விதிகளில் ஃபில்டருக்குத் தடை இல்லை என்பதுதான் வேடிக்கை.

லெ கிரே 1851இல் வெளியிட்ட மெழுகுத்தாள் நெகட்டிவ் முறை நம்ம ஊருக்கும் வந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரையையும் தஞ்சையையும் அதில்தான் எடுத்தார். முன்கூட்டியே தயாரித்து எடுத்துப்போகலாம், மாட்டுவண்டிப் பயணத்துக்கு ஏற்றது. ஆனால் அவருக்கும் வானம் வெறிச்சென்றே வந்தது. நெகட்டிவின் மேல் நிறம் தடவி மேகம் வரைந்தார். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக இணைத்தார். இவை கலைப்போட்டிக்கு அல்ல, அரசு ஆவணத்துக்கு எடுத்தவை.

1859இல் கவர்னர் ட்ரெவெல்யன் அந்த வேலையை நிறுத்தினார். காரணம் செலவு, மேகம் இல்லை.